அப்பத்தா பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடலாமா?

கேள்வி:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வாக்கப்பட்டு வந்திருக்கிறேன். நாலு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். பதிவுப் பேர் வைத்தாகிவிட்டது, ஷ-வும் ஸ-வும் வருகிற புதுப் பேர். வீட்டில் கூப்பிட மட்டும் பழைய காலத்துச் செல்லப்பேர் ஒன்று வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. பிள்ளை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் என் வீட்டுக்காரரின் அப்பத்தா தவறிவிட்டார்கள். அவர்கள் பேர் ராக்கு. அதையே கூப்பிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியாரோ அந்தப் பேரை வாயில் எடுக்கவே மாட்டேன் என்கிறார், ஆனால் பிள்ளையை 'அப்பத்தா, அப்பத்தா' என்று கொஞ்சுகிறார், சில நேரம் அழுதுவிடுகிறார். சென்னையில் இருக்கிற நாத்தனார், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள் என்கிறார். எனக்குப் பிடித்தவை நாச்சி, சிட்டு, அன்னம். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுக்காரர் கரையில் இருப்பார், அப்போது காதுகுத்து வைத்திருக்கிறோம், அதற்குள் முடிவு செய்யணும். எதைக் கூப்பிடலாம்? பின்னால் சர்டிபிகேட்டில் பிரச்சினை வருமா?

பதில்:

என் மகளுக்கும் உன் வயசுதான் இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே தாயி.

தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும் கடலோரப் பள்ளிக்கூடங்களில் 33 வருடம் வேலை பார்த்தேன், அதில் கடைசி 9 வருடம் தலைமையாசிரியை. ஜூன் மாதச் சேர்க்கையில் பிள்ளையின் பேரை ரிஜிஸ்டரில் நான் ஒன்று எழுதுவேன். மத்தியானம் மணி அடித்ததும் கேட்டுக்கு வெளியே நின்று அம்மாவோ அப்பத்தாவோ வேறொன்றைக் கூவுவார்கள். காலையிலிருந்து நான் நாலு தடவை கூப்பிட்டும் ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது, அந்த ஒரு கூவலுக்குச் சட்டென்று கழுத்தைத் திருப்பும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டுப்பேர் மேல் எனக்கு மரியாதை வந்தது, அதனால் உன் கேள்வி எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் உன் மாமியாரைப் பற்றிப் பேசிவிடுவோம், முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று உனக்குத் தோன்றுகிறது போல. பிடிவாதமே இல்லை. ராக்கு என்பது அவருக்கு மாமியார் பேர். மாமியார், மாமனார், புருஷன் பேரை ஒருமுறைகூட வாயால் சொல்லாமலே வாழ்ந்து முடித்த பெண்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று நினைக்கிறாய்? ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து 'நீ சொல்லுப்பா' என்பார்கள். என் மேசைக்கு முன்னால் நின்று, பிள்ளையின் இனிஷியலுக்காகப் புருஷன் பேரைக் கேட்டதும், 'பழனி மலைச் சாமி பேருதான் டீச்சர்' என்று சுற்றி வளைத்துச் சொன்னவர்கள் உண்டு. மாமியாரின் பேரே பக்கத்து வீட்டுக்காரிக்கும் இருந்துவிட்டால் அவளைக்கூட 'அத்தை பேர்க்காரி' என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருடம் நாக்கு தொடாத பேரை, இன்றைக்கு ஒரு கைக்குழந்தையைப் பார்த்துச் சொல் என்றால் எப்படி வரும்? நீயும் உன் வீட்டுக்காரரும் அவரை வற்புறுத்தாதீர்கள், அவர் ஒரு மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

செல்லப்பேர் என்ற பழக்கம் நம் வீடுகளில் இப்படி வேர்பிடித்ததற்கே இது ஒரு காரணம் என்பது என் எண்ணம். பேரன், பேர்த்தி என்ற சொல்லுக்குள்ளேயே பேர் இருக்கிறது பார், பாட்டன் பேரைச் சுமப்பவன் பேரன். தாத்தா பாட்டி பேரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள், ஆனால் அதே வீட்டில் மருமகள் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது, அதாவது பெற்றவளாலேயே பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதோடு பிள்ளை என்றால் சேட்டை செய்யும், திட்ட வேண்டிவரும். 'ஏ ராக்கு, மூதேவி, வா இங்க' என்று கத்தினால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவளுக்கு எப்படி இருக்கும்? அதனால் எழுத ஒரு பேர், கொஞ்சவும் திட்டவும் ஒரு பேர் என்று இரண்டாக வைத்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் கேட்பது அப்பத்தாவுக்கு மரியாதை செய்கிற பேர். நீ தேடுவது வாசலில் நின்று கூப்பிடுகிற பேர். இரண்டையும் ஒன்றாகப் போட்டதால்தான் ஆளுக்கு ஒரு பக்கம் நிற்கிறீர்கள்.

சரி, என் முடிவை நேராகச் சொல்லிவிடுகிறேன். ராக்கு என்பதை அன்றாடம் கூப்பிடுகிற பேராக இப்போது வைக்காதே. பேர் பழசு என்பதற்காகச் சொல்லவில்லை. அழகர்மலையில் நூபுர கங்கைக்குப் போயிருக்கிறாயா? அங்கே இருக்கிற அம்மன் பேர் ராக்காயி. மதுரை, சிவகங்கை, நம் ராமநாதபுரம் என்று எத்தனையோ குடும்பங்கள் முத்துராக்கு, ராக்கு, ராக்காயி என்று பிள்ளைகளுக்கு வைத்தது அந்த அம்மனை நினைத்துத்தான். அந்தப் பேரில் வெட்கப்பட ஒன்றுமே கிடையாது, யாராவது முகம் சுளித்தால் நீ சொல்லலாம். நான் வேண்டாம் என்பதற்குக் காரணம், துக்கம் இன்னும் ஆறவில்லை. அப்பத்தா போய் ஆறு மாதம்தான் ஆகிறது, வருஷத் திதிகூடக் கொடுக்கவில்லை. இந்த நேரத்தில் அந்தப் பேரைக் கூப்பிட ஆரம்பித்தால் ஒவ்வொரு தடவையும் பிள்ளையைப் பார்க்கிற கண் கொஞ்சம் தாண்டி, போனவளைத் தேடும்.

'அப்பத்தாவே வந்து பொறந்திருக்கா' என்று சொல்வது நம் ஊர் வழக்கம், அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு எல்லை தாண்டிவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அடம் பிடித்தால் 'அவுக இப்படிச் செய்ய மாட்டாக' என்பது, மூக்கு மாறினால் வருத்தப்படுவது, அந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு முகம் தேடி ரொம்ப நாள் அலைந்தது. உன் மாமியார் 'அப்பத்தா' என்று கொஞ்சுவதை மட்டும் தடுக்காதே. பெண் பிள்ளையை ஆத்தா, தாயி, அப்பத்தா என்று கூப்பிடுவது நம் பக்கத்தில் காலங்காலமாக இருக்கிற கொஞ்சல்தான், பேரைச் சொல்லாமல் ஆளைச் சொல்கிற வழியை அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். அழுதால் அழட்டும். அந்த நேரம் பிள்ளையை அவர் மடியிலிருந்து வாங்கிவிடாதே.

அப்புறம் வீட்டுக்காரரின் ஆசையை என்ன செய்வது என்று கேட்பாய். அதற்கு ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அப்பத்தா பேர் மங்களேஸ்வரி, உத்தரகோசமங்கை அம்பாள் பேர். வீட்டிலே எல்லாருக்கும் அவரிடம் பயம். எழுந்து நின்றால் திண்ணையே காலியாகும், அப்பா ஐம்பது வயதிலும் அவருக்கு முன்னால் உட்கார மாட்டார். அவர் இறந்த அன்று கடைசியாக வந்து சேர்ந்தவர் அவருடைய தம்பி, எண்பதைத் தாண்டியவர், இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைமாட்டில் குனிந்து, காதில் சொல்கிற மாதிரி, 'ஏ சிப்பி, சிப்பி, நான் வந்துட்டேன்' என்றார். எங்கள் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. அவர் பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. சின்ன வயதில் கடற்கரைக்குப் போனால் பாவாடை நிறையச் சிப்பி பொறுக்கிக்கொண்டு வருவாராம், அதனால் அண்ணன் தம்பிகள் வைத்த பேர். கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்த பிறகு அந்தப் பேரைக் கூப்பிட இங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான், பேர் போய்விட்டது. எழுபது வருடம் எங்களோடு இருந்த பெண்ணுக்கு இப்படி ஒரு பேர் இருந்தது அவர் போன அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது என் அண்ணன் பேத்தியைச் சிப்பி என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பேரைச் சொல்வதில் எங்கள் வீட்டு மருமகள் யாருக்கும் நாக்கு தயங்கவில்லை, ஏனென்றால் அது மாமியார் பேர் இல்லை, ஒரு சின்னப் பிள்ளையின் பேர்.

உங்கள் அப்பத்தாவும் ராக்குவாகவே பிறந்து ராக்குவாகவே வளர்ந்திருக்க மாட்டார்கள். ஐந்து வயதில் அவர்களை அவர்கள் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, சித்தி மகள், பக்கத்து வீட்டில் சேர்ந்து விளையாடியவர்கள்? உன் வீட்டுக்காரருக்குத் தெரியாது, மாமியாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, அவர் வந்தபோது அந்தப் பேர் ஏற்கெனவே பிறந்த ஊரில் தங்கிப் போயிருக்கும். விசாரி. பழைய காலத்துச் செல்லப்பேர் என்று நீ தேடுகிறாயே, அது புத்தகத்திலோ போனிலோ கிடைப்பதைவிட உன் குடும்பத்திலேயே ஒரு வயசானவர் நினைவில் கிடக்கிறது. அவர் இருக்கும்வரைதான் அது கிடைக்கும்.

விசாரித்தும் ஒன்றும் வரவில்லை என்றால் உன்னுடைய மூன்று பேருக்கு வருவோம். மூன்றுமே நல்ல பேர், இருந்தாலும் என் கை நாச்சி பக்கம்தான் போகிறது. நாச்சி என்றால் தலைவி. 1730-ல் ராமநாதபுரம் அரண்மனையில் சேதுபதி மகளாகப் பிறந்து, சிவகங்கைச் சீமைக்கு ராணியாகி, கம்பெனிப் படையிடமிருந்து நாட்டைத் திரும்பப் பிடித்தவர் பேரிலேயே அது இருக்கிறது, வேலு நாச்சியார் நம் மண்ணுப் பெண். கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளிலும் பேருக்குப் பின்னால் நாச்சியா என்று வரும், ஆண்டாளும் நாச்சியார்தான். ஒரே பேர் இத்தனை வாசலில் நுழைந்திருக்கிறது. அன்னமும் அழகு, சோற்றுக்கும் அந்தப் பேர், பறவைக்கும் அந்தப் பேர். ஆனால் உன் நாத்தனாருக்கோ மாமியாருக்கோ முந்தின தலைமுறையில் அன்னம், அன்னலட்சுமி என்று யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள், இல்லாவிட்டால் ராக்குவுக்கு வந்த சிக்கலே திரும்ப வரும். சிட்டு என்னை என் அம்மா கூப்பிட்ட பேர். அந்தப் பேரில் என்னைக் கூப்பிட இப்போது ஒரே ஒரு சின்னம்மாதான் மிச்சம், போனில் அவர் 'சிட்டு' என்று ஆரம்பித்தால் எனக்கு அன்றைக்கு முழுக்க நடை லேசாக இருக்கும். அதனால் அந்தப் பேரைப் பற்றி நான் நடுநிலையாகச் சொல்ல முடியாது, நீ அதை எடுத்துக்கொண்டால் சந்தோஷம்.

எதை எடுத்தாலும் வாசலில் நின்று ஒருமுறை சத்தமாகக் கூப்பிட்டுப் பார். கடற்கரை ஊரில் பேர் என்பது காற்றோடு போட்டி போட வேண்டியது. ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது, வலைகளுக்கும் வத்தைப் படகுகளுக்கும் நடுவே விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளை காதில் விழ வேண்டும். நம் தமிழில் கூப்பிடும்போது கடைசி எழுத்து நீளும், விளி என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பாய். நாச்சி நாச்சீ ஆகும், அன்னம் அன்னமே ஆகும், சிட்டு சிட்டூ ஆகும். நீட்ட நீட்ட எது தூரம் போகிறதோ அது கடற்கரைக்கு ஏற்ற பேர். பதிவில் வைக்கிற புதுப் பேர்களில் பல இப்படி நீளாது, நடுவில் முட்டும், பாட்டிமார் வாயில் அது வேறொன்றாக மாறுவது அதனால்தான். அப்படி மாறுவதும் ஒருவகையில் செல்லப்பேர்தான், ஆனால் கவனம் வேண்டும். தர்ஷினி என்று வைத்து அது பாட்டி வாயில் தரிசு ஆகிப்போன பிள்ளை என் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மழைக்கு ஏங்குகிற நம் மாவட்டத்தில் அந்த ஓசையை ஒரு பெண் பிள்ளைமேல் ஏற்ற வேண்டாம். கூப்பிட்டுப் பார்க்கும்போது வேறு எந்தச் சொல்லோடு போய் ஒட்டுகிறது என்பதையும் கேட்டுக்கொள்.

இன்னொன்று, நாலு மாதம் என்றாய், சரியான நேரம். நாலரை மாதக் குழந்தைகள் தங்கள் பேரின் ஓசையை மற்ற ஓசைகளிலிருந்து பிரித்துக் கேட்கின்றன என்று 1995-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அர்த்தம் தெரியாது, ஆனால் இந்த ஓசை நமக்குரியது என்று காது பழகிவிடும். அதனால் ஆளுக்கு ஒரு பேராக ஐந்து பேரைச் சொல்லாதீர்கள். மாமியார் கொஞ்சுகிற 'அப்பத்தா' ஒன்று, வீட்டுப்பேர் ஒன்று, இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். ரகரம் பிள்ளைகளுக்கு நேரம் கழித்துத்தான் வரும், ஒன்றாம் வகுப்பில்கூட லகரத்தை வைத்துச் சமாளிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நாச்சியோ சிட்டுவோ அன்னமோ என்றால் அந்தத் தொல்லை இல்லை, அன்னம் என்பதைப் பிள்ளை தானே சொல்லிக்கொள்ளக் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

பழைய ஆட்கள் இந்தப் பேர்களை எப்படிச் செய்தார்கள் என்று கவனித்தால் உனக்கே கை வரும். நீளமான பேரில் ஒரு துண்டை வெட்டி, கடைசியில் உகரம் போட்டு, தேவைப்பட்டால் நடுவில் அழுத்துவார்கள். ருக்மணி ருக்கு, சரஸ்வதி சரசு, கோமதி கோமு, லட்சுமி லெச்சு. சாமிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பேராக இருந்தாலும் இதே கத்திதான். முஸ்லிம் வீட்டிலும் அப்படியே, பாத்திமா பாத்து ஆவாள், ஜைனப் நம் கரைக்கு வந்து செய்னம்பு ஆகிவிட்டாள். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலுக்கும் ஓரியூருக்கும் நடந்து போகிற கத்தோலிக்கக் குடும்பங்களில் சூசையம்மாள், அந்தோணியம்மாள், அருளாயி என்று எழுதியிருக்கும், வாசலில் வெறும் சூசை, அருளு. ஒரு வகுப்பில் மூன்று பாத்திமா இருந்த வருடம், அவர்கள் வீட்டுப்பேரைக் கேட்டு வைத்துக்கொண்டதால்தான் எனக்குப் பாடம் நடத்த முடிந்தது. முத்து என்ற ஒரு சொல்லை மட்டும் பார், முத்துமாரி, பாத்துமுத்து, சவரிமுத்து என்று மூன்று பக்கமும் இருக்கிறது. முத்துக் குளித்த கடலோரம் அல்லவா, ஒரே கடலிலிருந்து எடுத்து ஆளுக்கு ஒரு பேராகக் கோத்துக்கொண்டார்கள்.

பழசு என்பதாலேயே எல்லாப் பேரும் நல்ல பேராகிவிடாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய பேர் தேடுகிற ஆசையில் நீ இதில் கால் வைத்துவிடக் கூடாது. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததையாவது எமன் கண்ணில் படாமல் காப்பாற்ற வேண்டும் என்று பிச்சையம்மா, குப்பாயி என்று வைத்தார்கள், தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று சொல்லித் தவிட்டம்மா என்றும் வைத்தார்கள். அந்தப் பேர்களுக்குப் பின்னால் ஒரு தாயின் பயம் இருக்கிறது, அதனால் அவற்றைக் கேவலமாகப் பேச மாட்டேன், ஆனால் இன்றைக்கு உனக்கு அந்தப் பயம் தேவையில்லை. கருப்பாயி சாமி பேர், அதுவும் மரியாதையான பேர். அதையே பிள்ளையின் நிறத்தைப் பார்த்து வைத்தால் அது வேறு. உடம்பையும் நிறத்தையும் வைத்து வருகிற எதுவும் செல்லப்பேர் ஆகாது, அது பட்டப்பேர்.

இதில் என் மனசை விட்டுப் போகாத பேர் போதும்பொண்ணு. நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ பெண் பிறந்தால், இனி பெண் பிறப்பது நிற்கட்டும் என்று அந்தப் பிள்ளை தலையிலேயே வைப்பார்கள். என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒருத்திக்கு அதுவே ரிஜிஸ்டர் பேர், அதுவே வீட்டுப்பேர். ஒருநாள் பெயர்ச்சொல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், அவரவர் பேருக்கு அர்த்தம் சொல்லச் சொன்னேன், அது என் தப்பு. அவள் எழுந்து நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'டீச்சர், என்ன போதும்?' என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பொன்னு, பொன்னு என்று அன்றிலிருந்து அவளைக் கூப்பிட ஆரம்பித்தேன், மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள், ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது அவள் நோட்டு அட்டையில் பொன்னு என்றுதான் எழுதியிருந்தாள். ஒரு பேரை எடுப்பதற்கு முன்னால், நாலாம் வகுப்பில் இவள் எழுந்து நின்று அர்த்தம் கேட்டால் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார். நாச்சிக்கு முடியும். சிப்பிக்கு முடியும்.

நாத்தனார் சொன்னதை ஒதுக்கிவிடாதே, அவர் பிள்ளையை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் 33 வருடத்தில் நான் பார்த்தது, கேலி செய்கிற பிள்ளைகள் பழைய பேர் புதுப் பேர் என்று பார்ப்பதில்லை, எந்தப் பேரிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பார்கள். வீட்டில் அன்பாகச் சொல்லப்பட்ட பேரை வெளியே கேலியாகக் கேட்டாலும் பிள்ளை அவ்வளவாகச் சுருங்காது, வீட்டிலேயே சிரித்துச் சிரித்துச் சொன்ன பேராக இருந்தால்தான் சுருங்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், பள்ளிக்கூட கேட்டில் நின்று வீட்டுப்பேரைக் கூவாதீர்கள், அது கொஞ்சம் பெரியவளானதும் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் வந்து, 'என்னை இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க' என்பாள், நிறைய பிள்ளைகள் சொல்லும். அப்போது வாதாடாமல் நிறுத்திவிட வேண்டும், மாமியார் உட்பட எல்லாரும். காலேஜ் முடிந்து வேறு ஊரில் இருக்கும்போது அவளே திரும்பக் கேட்பாள், அதையும் பார்த்திருக்கிறேன்.

இனி சர்டிபிகேட். இதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கறாராக இரு. வீட்டுப்பேர் ஒரு காகிதத்திலும் ஏறக் கூடாது, தடுப்பூசி அட்டையிலிருந்து அங்கன்வாடி நோட்டு வரைக்கும். 2023 அக்டோபர் 1-லிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டர் லிஸ்ட், லைசென்ஸ், பாஸ்போர்ட், ஆதார் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதனால் அதில் இருக்கிற எழுத்து அப்படியே மற்றதிலும் இருக்க வேண்டும், ஷ-வுக்கு ச கூட மாறக் கூடாது. நீ பேரையும் சேர்த்தே பதிந்துவிட்டாய், நல்லது. பிறப்பை மட்டும் பதிந்துவிட்டுப் பேரை எழுதாமல் விட்ட தோழிகள் யாராவது இருந்தால், 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்று சொல்.

சிக்கல் எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். அப்பா கடலில் இருப்பார், அம்மாவுக்கு உடம்பு சரியிருக்காது, ரேஷன் கார்டில் பேர் சேர்க்கத் தாத்தாவை அனுப்புவார்கள், அவருக்கு வாயில் வருவது வீட்டுப்பேர்தான், அதையே சொல்லிவிட்டு வருவார். என் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்திக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பேர்ப்பட்டியல் அனுப்புகிற நேரத்தில்தான் இது வெளியே வந்தது. கார்டில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இரண்டும் சேர்ந்தது. அவள் அப்பா கடலுக்குப் போகாமல் ஒரு அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தார், ஒவ்வொரு நடைக்கும் வேறொரு காகிதம் கேட்டார்கள், அந்தப் பிள்ளை படிக்க வேண்டிய நாளெல்லாம் அழுதுகொண்டிருந்தாள். அதனால் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு, யார் எந்த ஆபீசுக்குப் போனாலும் அதைக் காட்டி எழுதச் சொல் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவை. ஐந்து வயதுக்குள் எடுக்கிற ஆதாருக்குக் கைரேகை கிடையாது, ஐந்திலும் பதினைந்திலும் புதுப்பிக்க வேண்டும், அந்த இரண்டு தடவையும் பேரின் எழுத்தை நீயே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

காதுகுத்துக்கு நாள் பார்க்கும்போது கொஞ்சம் தள்ளியே பார். தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், அவசரம் ஒன்றும் இல்லை. படகு ஏறாத முதல் வாரத்திலேயே உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அப்பத்தா பிறந்த ஊருக்கு ஒரு நடை போய் வா, மாமியாரையும் கூப்பிடு, வருவார். அங்கே வயசானவர் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எடுத்ததுமே பேரைக் கேட்காதே, கேட்டால் 'அதெல்லாம் யாருக்கு ஞாபகம்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளையை மடியில் கொடு. ராக்குவின் கொள்ளுப்பேத்தி என்று மட்டும் சொல். மற்றதை அவர்களே ஆரம்பிப்பார்கள்.